முப்பத்தேழாம் எண் அட்டை

என் தம்பிக்குப் பொய் சொல்லத்தான் சம்பளம். நான் சொல்லவில்லை, அவனே சொல்லுவான். பத்திரிகை அலுவலகத்தில் வரி விளம்பரப் பிரிவில் இருபத்தெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறான். வீடு விற்க வருகிறவர், பழைய ஸ்கூட்டரைத் தள்ளிவிட வருகிறவர், எல்லோரும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று தங்கள் பொருளின் குறையைச் சொல்லி அழுவார்கள். இவன் கேட்டுக்கொண்டே நாலு வரியில் அதை நிறையாக மாற்றிக் கொடுத்துவிடுவான். ஜன்னலே இல்லாத வீடு 'வெயில் எட்டிப் பார்க்காத குளிர்ந்த அறைகள்' ஆகிவிடும். உதைத்தாலும் கிளம்பாத ஸ்கூட்டர் 'அதிகம் ஓட்டப்படாதது'. ஆபீசில் அவனுக்குப் பேரே 'நாலுவரி'தான்.

வீட்டிலோ நாலு வரிகூடப் பேசமாட்டான். எங்கள் வீட்டில் பேச்செல்லாம் என் பொறுப்பு.

நான் அவனைவிட ஐந்து வயது மூத்தவள். கல்யாணம் ஆகி மூன்றாம் வருஷமே 'ஆளை விடுங்கடா சாமி' என்று கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி வந்தவள். அவன் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு மூன்றாம் மாடி வாடகை வீட்டில் நானும் அவனும்தான். லிஃப்ட் கிடையாது. நான் சலவைக்கடையில் வேலை பார்க்கிறேன். வந்த துணிக்கு எண் குத்துவது, பட்டன் இருக்கிறதா என்று பார்ப்பது, கோட்டில் ஒட்டியிருக்கும் முடியை ஒட்டுநாடா வைத்து எடுப்பது. நாய் வளர்க்கிற வீட்டுக் கோட்டு ஒன்று வந்தால் அரை மணி நேரம் கோவிந்தா. எனக்கு நாய் ஆகாது என்பதற்கு வேறு காரணம் தேடவேண்டாம்.

வெயில்காலம் வந்தால் போதும், தம்பிக்குத் தர்மசிந்தனை தலைக்கேறிவிடும். பறவைக்கு என்று ஜன்னலில் ஒரு தண்ணீர்த் தட்டு, படிக்கட்டுத் திருப்பத்தில் ஒன்று, பஸ் நிறுத்தத்தில் ஒன்று. ஆபீசுக்குப் போகிற வழியில் பாட்டிலோடு நின்று ஊற்றிக்கொண்டிருப்பான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுப்பான். அங்கே தரும் பிஸ்கட்டைத் தான் தின்னாமல் சட்டைப்பையில் போட்டு எனக்குக் கொண்டுவருவான். "உன் ரத்தத்தை வித்தா எனக்கு பிஸ்கட் வாங்கிட்டு வரே?" என்று கத்துவேன். கத்திவிட்டுத் தின்பேன். கண் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க ஊரார் மூக்குக்கண்ணாடியையெல்லாம் சேர்ப்பான். என் அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க யார் யாருடைய கண்ணாடியோ கிடக்கும். அலமாரியைத் திறந்தால் நாற்பது பேர் என்னைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

இதெல்லாம் சில்லறை. அவன் உயிரே ஏரிக்கரையில் இருக்கும் நாய்க்காப்பகம்தான். பன்னிரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகிறான். கூண்டுக்குக் கூண்டு ஓர் அட்டை தொங்கும்; அதை எழுதுவது இவன். யாராவது வந்து படித்துப் பார்த்து, பிடித்தால் அந்த நாயை வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள். ஓயாமல் குரைக்கிற ஒன்றுக்கு 'இனி உங்கள் வீட்டுக்கு அழைப்புமணி வேண்டாம்' என்று எழுதினான். செருப்பைக் கடிக்கிற ஒன்றுக்கு 'வீட்டில் எல்லோருக்கும் செருப்பை எடுத்து வைக்கும் பழக்கம் வந்துவிடும்' என்று எழுதினான். இரண்டும் ஒரே வாரத்தில் போய்விட்டன. ஊரில் இருக்கிற நாய்க்கெல்லாம் வீடு பார்த்துக் கொடுத்தான், தனக்கு ஒன்று இல்லை. காரணம், சாட்சாத் நான்தான்.

மூன்று தடவை கேட்டான். காப்பகத்தில் சேர்ந்த வருஷம் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, இந்தக் கோடை ஆரம்பத்தில் ஒரு தடவை. மூன்றாவது தடவை சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி கேட்டான்.

"அக்கா, ஒரு நாய் வந்திருக்கு. வயசானது. தொந்தரவே பண்ணாது."

"வயசானதுக்குத்தான் இந்த வீட்ல நான் ஒருத்தி இருக்கேனே, போதாதா?"

"படியில நானே தூக்கிட்டு வந்துடறேன். முடி கொட்டினாலும் நானே பெருக்கிடறேன்."

"நாய் இந்தப் படி ஏறிச்சுன்னா நான் இறங்கிடுவேன். யார் வேணும்னு நீயே முடிவு பண்ணிக்கோ."

அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு மேலே மொட்டைமாடிதான். வெயில் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை பகல் என்றால் சுவரே சுடும். அந்த மாதம் மின்விசிறியும் மக்கர் பண்ணியது. ஏரிக்காற்றாவது வாங்கலாமே என்று ஒரு வாரம் தம்பியோடு கிளம்பினேன். காற்றுக்குத்தான் வருகிறேன், நாயைப் பார்க்க அல்ல என்று பஸ்ஸில் ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை சொன்னேன். காப்பகத்தில் இருந்தவர்களிடமும் சொன்னேன். "நாயா? என் வீட்டுலயா? என் பொணம்தான் வெளிய போகும்" என்று நான் சொன்னதைக் கேட்டு அங்கே எல்லோரும் சிரித்தார்கள். கூண்டு கழுவுகிற பையன்கள்கூட அதற்கப்புறம் என்னை 'நாயா அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை நாய்களை வெளியே அழைத்துப் போகலாம். தம்பி ஒவ்வொரு வாரமும் ஒரே நாயைத்தான் எடுத்தான். முப்பத்தேழாம் எண். காப்பகத்தில் நாய்க்குப் பேர் வைக்கக் கூடாது; கூட்டிப் போகிறவர்கள்தான் வைக்க வேண்டும். பழுப்பும் வெள்ளையுமாக, ஒரு பின்னங்கால் கொஞ்சம் இழுக்கும். யாரோ வீடு மாற்றும்போது கேட்டில் கட்டிவிட்டுப் போய்விட்டார்களாம். அது நடக்கிற அழகு இருக்கிறதே, பத்தடி நடக்கும், நின்று ஏரியைப் பார்க்கும், நமக்கு அவசரம் என்றால் நம்மையும் ஒருமுறை பார்க்கும். "மகாராணிக்கு இன்னிக்கு எழுந்தருள மனசில்லையோ?" என்பேன். ஐஸ்கிரீம் வண்டிக்காரர், படகுத்துறைச் சீட்டுக்காரர், எல்லோருக்கும் அது மகாராணி ஆகிவிட்டது. பேர் வைக்கக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்த இடத்தில், நாயே ஆகாதவள் பேர் வைத்துவிட்டேன்.

நான் தள்ளிப்போய் ஒரு பெஞ்சில் உட்காருவேன். மூன்றாவது வாரம் அது என் பாதத்தின் மேல் உட்கார்ந்தது. பக்கத்தில் அல்ல, மேலேயே. "ஏய், எந்திரி" என்றேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கனமும் சூடும் அந்த வெயிலில் எனக்கு ஏன் பிடித்துப்போயின என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கால் மரத்துப்போகும்வரை அசையாமல் இருந்தேன்.

பிறகு சனிக்கிழமை என்றாலே எனக்குப் பரபரப்பு. திங்கட்கிழமை கடையில் என் புடவையிலிருந்து பழுப்பு முடியை நாடாவில் ஒட்டி எடுத்துவிட்டு, நாடாவைக் குப்பையில் போடாமல் மேஜை விளிம்பில் ஒட்டிவைத்தேன். முதலாளியம்மா பார்த்து, "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். வெயில் என்றேன்.

ஆனி முடிவதற்குள் மனசு முழுசாக மாறிவிட்டது. ஒருநாள் மாடிப்படியில் வீட்டுக்காரரை நிறுத்தி மெதுவாகக் கேட்டேன்.

"இங்க நாய் வளக்கலாமா?"

"நீங்களா? நாயா? எனக்குக் காது சரியாத்தான் கேக்குதா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"தாராளமா வளங்க. எனக்கு ஒண்ணுமில்ல."

"தம்பிகிட்ட மூச்சு விட்றாதீங்க."

ஏன் மூச்சு விடக்கூடாது? அவன் இன்னொரு தடவை கேட்கட்டும் என்று இருந்தேன். கேட்டதும் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு, 'சரி, தொலை, கூட்டிட்டு வா' என்று சொல்லவேண்டும். அதுதான் என் திட்டம். பன்னிரண்டு வருஷமாக மாட்டேன் என்றவள் திடீரென்று தானாகப் போய் வேண்டும் என்றால் என் மானம் என்னாவது? ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு வேளையில் நாயைப் பற்றிப் பேச்செடுத்துப் பார்த்தேன். அவன் 'ம்' என்பான். தட்டைக் கழுவப் போய்விடுவான்.

அந்தச் சமயத்தில்தான் முப்பத்தேழாம் எண்ணுக்கு அட்டை எழுதவேண்டிய முறை வந்தது. இத்தனை வாரம் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டிருக்கிறான். எழுதி மாட்டிய அட்டையைப் படித்து நான் மலைத்துப்போனேன். 'வயது ஒன்பது. பின்னங்கால் இழுக்கும். மாடி ஏறாது. கூப்பிட்டால் வராது, தோன்றினால் வரும். முடி கொட்டும்.' ஊருக்கெல்லாம் குறையை நிறையாக்கியவன் இதற்கு மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தான். யாரும் கொண்டுபோய்விடக் கூடாதென்று எழுதியது என்று எனக்குச் சட்டென்று புரிந்தது. ஆனால் கீழே ஒரு வரி இருந்தது. 'கேட் திறக்கிற சத்தம் கேட்டால் எழுந்து நின்று பார்க்கும். தனக்கு இல்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்துகொள்ளும்.'

"கடைசி வரி எதுக்குடா?" என்றேன்.

"கை பழகிடுச்சுக்கா. முடிக்காம விட முடியல" என்றான்.

அந்த வரிதான் குடியைக் கெடுத்தது. அடுத்த ஞாயிறு காலை, முழங்காலில் பட்டை கட்டிய ஓர் அம்மா வந்தார். தபால் கொடுத்து ஓய்வுபெற்றவராம். கூண்டு கூண்டாகப் படித்துக்கொண்டே வந்தவர் முப்பத்தேழில் நின்றார். ஒருமுறை படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"இத்தனை அட்டையில இது ஒண்ணுதான் பொய் சொல்லல" என்றார். "எனக்கும்தான் மாடி ஏற முடியாது. என் வீடு தரைத்தளம். முன்னாடி கொஞ்சம் புல்லு இருக்கு. இதையே குடுத்துடுங்க."

குறை சொல்ல ஒன்றுமில்லாத மனுஷி. அவர்மேல் கோபப்படவாவது ஒரு வழி வைத்திருக்கக் கூடாதா கடவுள்!

காப்பகத்து டாக்டரம்மா பாரத்தை எடுத்து வந்தார். அங்கே ஒரு முறை உண்டு. நாயை வெளியே கொடுப்பதற்கு முன்னால், அங்கே வேலை செய்கிறவர்களிடம் ஒருமுறை கேட்டுவிட வேண்டும். அவர்களுக்குத்தான் முதல் உரிமை. வீட்டில் இருக்கும் எல்லோரும் கையெழுத்துப் போடவேண்டும், அவ்வளவுதான்.

"முப்பத்தேழு. நம்மள்ல யாராவது கேக்கறீங்களா?"

தம்பி என்னைப் பார்த்தான். கெஞ்சவில்லை, கேட்கவில்லை, சும்மா பார்த்தான். கூண்டு கழுவுகிற பையன்கள் நின்றிருந்தார்கள். என்னை 'நாயா அக்கா' என்று கூப்பிட்டவர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஒரே ஒரு வார்த்தை. பஸ்ஸில் கண்டக்டரோடு, கடையில் முதலாளியம்மாவோடு, படியில் பால்காரரோடு, நாள் முழுக்கப் பேசித் தீர்க்கிற வாய் இது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டு கெட்டேன். அவன் வாயைத் திறந்தால் நான் திறக்கலாம் என்று நின்றேன். டாக்டரம்மா இரண்டாம் முறை கேட்டார்.

"யாரும் இல்லீங்க டாக்டர்" என்றான் தம்பி.

கழுத்துப்பட்டையை அவன்தான் மாட்டினான். எந்தப் பக்கம் படுக்கும், காலில் எங்கே தடவினால் பிடிக்கும் என்று அந்த அம்மாவுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னான். நாய் கேட் வரைக்கும் போய், நின்று, திரும்பி எங்களைப் பார்த்தது. அதன் வழக்கம்தான் அது, பத்தடிக்கு ஒருதரம் நிற்கும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்புறம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து சோறு போட்டேன். வெயில் ஜன்னலில் எரிந்தது. அவன் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. என்னால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"நான் சரின்னுதான்டா சொல்ல இருந்தேன்."

"தெரியும்க்கா. வீட்டுக்காரர் அன்னைக்கே சொல்லிட்டாரு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தெரியுமா? தெரிஞ்சா ஏன்டா கேக்கல? கல்லு மாதிரி நின்னியே! அந்தப் பேனாவ எடுத்து நீட்டியிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பேனேடா பாவி!"

அவன் பிசைந்த சோற்றைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினான்.

"மூணு தடவை எனக்காகக் கேட்டேன். இந்தத் தடவை எனக்கு இல்லக்கா. ஞாயித்துக்கிழமையானா எனக்கு முன்னாடி எழுந்து செருப்ப மாட்டிக்கிட்டு நிக்கிற. அதப் பாத்துட்டுதான் அட்டைய அப்படி எழுதினேன், நீ சொல்றவரைக்கும் யாரும் எடுத்துட்டுப் போயிடக் கூடாதுன்னு. இத்தனை வருஷத்துல உனக்குன்னு ஒண்ணு வேணும்னு நீ வாயத் தொறந்து கேட்டதே இல்ல. ஒரு தடவ கேப்பன்னு பாத்துட்டு இருந்தேன்."

அப்போது கேட்டேன். அந்த வெந்த மத்தியானத்தில், எச்சில் கையோடு, கீழ்வீட்டுக்கெல்லாம் கேட்கும்படி, "எனக்கு அவ வேணும்டா" என்று அழுதேன். தம்பி தட்டை நகர்த்தி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.