பாறை என்றால் பாறைதானே

தாராவியில் தோல்பை பட்டறை வைத்தேன். செம்பூரில் மாடி வீடு கட்டினேன். ஊரிலிருந்து கையை வீசிக்கொண்டு வந்த எத்தனையோ பேருக்கு வேலை போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் இதெல்லாம் செய்தான் என்றால் நம்பமாட்டார்கள், நம்பாவிட்டால் போகட்டும். ஆனால் விரல் நீள மீன் ஒன்றைப் பிழைக்க வைத்தவன் நான் என்பதையே மறைத்துவிட்டார்கள். அந்த அதிர்ச்சிதான் இன்னும் அடங்கவில்லை.

அறுபதுகளில், பட்டறை வைப்பதற்கு முன்னால், மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் எடுபிடியாக இருந்தேன். மீன்களை ஆராயும் புரொபசரம்மாவிடம் வேலை. ஒருநாள் அவர், "நாளைக்கு டெல்லியிலேர்ந்து ஆபீசர் வரார். பாறை மீன் ஒண்ணு வேணும்ப்பா" என்றார். டெல்லிக்காரருக்கு விருந்து என்று நினைத்துக்கொண்டேன். விடிந்ததும் மார்க்கெட்டுக்குப் போய், முழங்கை நீளப் பாறை மீன் ஒன்றைப் பேப்பரில் சுற்றி அவர் மேசைமேல் வைத்தேன். பிரித்தவர் நாற்காலியோடு பின்னால் போய்விட்டார். முட்டைகூடத் தொடாதவர்.

"என்னப்பா இது?"

"பாறைம்மா. எங்க ஊருல கல்யாண வீட்டுக்குத்தான் வாங்குவாவ. நீங்கதான சொன்னிய?"

"கடல் பாறையில பாசியைத் தின்னுண்டிருக்குமே, அந்தச் சின்ன மீனைன்னா சொன்னேன். தொட்டியில இருந்ததெல்லாம் செத்துப்போச்சு. சாயங்காலம் உயிரோட ஒண்ணைக் காட்டலேன்னா என் ஆராய்ச்சியையே மூடிடுவா."

உடனே இருவரும் பாந்திரா கடற்கரைப் பாறைகளுக்குப் போனோம். கடல் உள்வாங்கியிருந்தது. குழிகளில் தேங்கிய நீரில் அந்த மீன் கல்லோடு வாயை வைத்துப் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தது. கை வைத்தால் வெளியே துள்ளி, ஈரப் பாறையில் ஓடி, அடுத்த குழிக்குள் போய்விட்டது. மீன் தரையில் ஓடுவதை அன்றுதான் பார்த்தேன். முழங்கால் தேய ஒன்றைத்தான் பிடித்து, கடல்நீர் நிரப்பிய வாளியில் விட முடிந்தது.

திரும்பும் ரயிலில் புரொபசரம்மா பெண்கள் பெட்டியில் ஏறினார். நான் வாளியோடு ஆண்கள் பெட்டியில். மாஹிமில் கூட்டம் நெருக்க, யார் காலோ பட்டு வாளி கவிழ்ந்தது. நீரெல்லாம் போயிற்று. தேடினால், பெட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது மீன்.

"என்னவே, பல்லியப் புடிச்சுட்டுப் போறீரு?" என்றார் ஒரு அண்ணாச்சி.

"வழி விடும்வே, இது ஒரு அம்மாவோட பொழப்பு."

கடல்நீரில் ஊறியிருந்த என் பனியனைக் கழற்றி, அதில் பொதிந்து நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். செத்திருக்கும் என்றுதான் நினைத்தேன். கல்லூரியில் பிரித்தபோது கண்ணை உருட்டியது. தொட்டியில் விட்டதும் கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டத் தொடங்கியது.

"தண்ணியில்லாம எப்படிப்பா இருந்தது?" அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆபீசர் வந்தார், பார்த்தார், ஆராய்ச்சி பிழைத்தது. ஈரம் இருந்தால் போதும், வெளியிலும் அது உயிர்தரிக்கும் என்று பிறகு பல நாள் சோதித்து அம்மா எழுதினார்.

போன மாதம் அவருக்கு நினைவுக் கூட்டம். அவருடைய மாணவர் ஒருவர் மேடையில், "அம்மையார் தம் ஆய்வறையிலேயே இதை முதலில் கண்டார்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோதித்தது அம்மா, நான் மறுக்கவில்லை. முதலில் கண்டது ஆய்வறையில் அல்ல, ரயிலில். கண்டவன் நான். அந்தப் பேச்சை அச்சடிக்கப் போகிறார்களாம். அச்சடிக்கிறவர்களுக்குத்தான் சொல்கிறேன், அதில் என் பெயரைப் போடுங்கள். அம்மா பெயருக்குக் கீழே போட்டாலும் சரி.