மழைப் போத்தலும் அவள் நெஞ்சும்

"...அப்ப மழைய யாரு பார்க்கிறது, டொக்டரம்மா? நெஞ்சு நல்லாருக்கானு எங்கள கேட்டுட்டுத்தான் மலை சரியுமா?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே என் மனைவி கேட்டாள். அவள் நெஞ்சில் குளிர்ந்த பசை தடவி ஸ்கேன் கருவியை அழுத்திப் பிடித்திருந்த டொக்டர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, சிரிக்கவில்லை.

மழையைப் பார்ப்பது என்றால் சும்மா இல்லை. தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கிற எங்கள் லயத்துக்கு மேலே ரப்பர் மலையில் வெடிப்பு விழுந்தபோது, மண்சரிவு அதிகாரிகள் மழை அளக்கிற போத்தல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டால் எல்லோரும் கோயிலுக்கு ஓடிவிட வேண்டும். அந்தப் பொறுப்பை இவள்தான் கேட்டு வாங்கினாள். வெட்டவெளியில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். இவளோ, அடுப்படியிலிருந்தே கண்ணில் படட்டும் என்று கூரைத் தகரத்தின் ஓரத்துத் தூணில் கட்டச் சொன்னாள். கட்டிக்கொடுத்தவன் நான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் போத்தல் மளமளவென்று ஏறியது. சோறு பிசைந்த கையோடு எழுந்து ஓடுவாள். ரப்பர் பால் வெட்டப் போன இடத்தில் தூறல் விழுந்தால், வாளியை மரத்தடியிலேயே விட்டுவிட்டு இறங்குவாள். "வானம் தும்மினாப் போதும், அக்கா மூட்டையக் கட்டிரும்" என்பாள் பக்கத்து வீட்டுக் காம்பராக்காரி. நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். நெஞ்சு படபடக்குதுங்க என்று இவள் சொன்னால், "கேஸா இருக்கும், இஞ்சி தட்டிப் போட்டுக் குடி" என்பேன். மூன்று வருடம் இப்படியே போயிற்று.

போன மாதம் வந்த அதிகாரி தூணைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "அனே அக்கே, இதில் பாதி உங்கள் கூரைத் தண்ணீர்" என்றார் சிங்களத்தில். அன்றே போத்தலைக் கழற்றி வெளியில் நட்டோம். லயமே சிரித்தது. மறுவாரம் படி ஏறும்போது இவள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"பெய்யாத மழைக்குத்தானே பயந்துச்சு, இனி சரியாப் போயிரும்ல?" என்று டொக்டரிடம் கேட்டேன்.

"பெய்ததோ இல்லையோ, உடம்புக்குத் தெரியாது ஐயா" என்றார் அவர். "பயந்தால் அட்ரினலின், கோர்ட்டிசோல் எண்டு சில ஹோர்மோன்கள் சுரக்கும். கொஞ்ச நேரத்துக்கு எண்டால் அது உதவி. வருசக்கணக்கா விடாமல் சுரந்தால் பிரஷர் ஏறும், இதயத் தசை தடிச்சுக் களைச்சுப் போகும், தழும்பும் விழலாம். பிறகு இரத்தத்தைச் சரியாத் தள்ளாது. மருந்து தாறன். ஆனால் அந்தப் போத்தலை வேறை ஆரிட்டையாவது குடுத்திடுங்கோ, அம்மா."

அதற்குத்தான் இவள், மழைய யாரு பார்க்கிறது என்று கேட்டாள்.

டொக்டர் ஸ்கேன் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். நாள் முழுக்கச் சுமை ஏற்றிய ஆள் கடைசி மூட்டையைத் தூக்குவது போல, அவள் இதயம் மெல்ல எழும்பி எழும்பி அமர்ந்தது. இத்தனை காலம் இதற்கா இஞ்சித் தண்ணீர் கொடுத்தேன்? அப்போது ஆஸ்பத்திரித் தகரத்தில் படபடவென்று மழை விழுந்தது. திரையில் அவள் இதயம் துள்ளியது.

"அசையாதேங்கோ அம்மா" என்றார் டொக்டர்.

அவள் பசையோடு சேர்த்துச் சேலையை இழுத்து மூடிக்கொண்டு இறங்கி, என் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து, போத்தலைப் பார்க்கச் சொல்லி லயத்துக்கு அடித்தாள்.