கூடுவாஞ்சேரியில் நான் 'லோ'வில் வைத்த செட்டிங்

"வந்து பாருங்கம்மா, எங்க வீட்டு லட்சணத்த."

கதவைத் திறந்தவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் சர்வீஸ் இன்ஜினியர். கூடுவாஞ்சேரியில் இருந்த அந்த வீட்டுக்கு மூன்று மாதம் முன்பு மெஷினும் பிராட்பேண்டும் போட்டுக் கொடுத்ததே நான்தான். அவர் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மகள் நித்யா பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு.

"இவ என்னென்ன பாக்கறான்னு நீங்களே பாருங்க. காலேஜே வேணாம்னு நிறுத்திட்டேன். பத்து நாளாச்சு."

நித்யா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது. "நான் எதையும் தொறக்கலக்கா. தானா வருது."

"வாய மூடு" என்றார் அவர்.

பிரவுசரைத் திறந்தேன். ஹோம் பேஜ் மாறியிருந்தது. அதன் மேல் ஆபாச விளம்பர விண்டோக்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. ஒன்றை மூடினால் இரண்டு வந்தது. டூல்ஸ், இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், செக்யூரிட்டி என்று போய்ப் பார்த்தேன். பாதுகாப்பைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர் அடிமட்டத்தில், 'லோ'வில் இருந்தது.

வைத்தது நான். எங்கள் ஓனரின் உத்தரவு அது. "எல்லா வூட்லயும் லோ-ல வெச்சிட்டு வந்துடு. இல்லன்னா அது ஓபன் ஆவல, இது பர்மிஷன் கேக்குதுன்னு போன் பண்ணி பேஜார் பண்ணுவாங்க." லோ என்றால், எந்த சைட்டும் கேட்காமலே எந்த புரோகிராமையும் மெஷினுக்குள் இறக்கிவிடலாம். அது தெரிந்தேதான் வீடு வீடாக வைத்துவிட்டு வந்தேன்.

எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். "உக்காருங்க சார். பிரவுசர மூடிட்டு மறுபடி தொறங்க. வேற எதையும் தொடாதீங்க."

திறந்தார். படங்கள் வந்தன. பதறி எழுந்தார்.

"இப்ப இதப் பாத்தது யாரு சார்? நீங்களா?"

கஸ்டமர் வீட்டில் குரல் உயர்த்தக் கூடாது. உயர்த்தினேன். "செட்டிங்க தப்பா வெச்சது நான். உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் வெளியே போய் ஓனருக்கு போன் போட்டுக் கத்தினார். மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

புகுந்திருந்த புரோகிராம்களை நீக்க மதியம் ஆகிவிட்டது. முதல் தடவை வந்தபோது எல்லாவற்றையும் அவருக்குத்தான் விளக்கினேன். மெஷினைத் தொடப்போகிறவள் பின்னால் நின்றிருந்தாள். இந்தத் தடவை நித்யாவை உட்கார வைத்தேன். ஸ்லைடரை மீடியத்துக்கு ஏற்றியது, பாப்-அப் பிளாக்கரை ஆன் செய்தது, ஹோம் பேஜை மாற்றியது எல்லாம் அவள் கை.

"பத்து நாளா நானும் இதையேதான்கா சொன்னேன்" என்றாள். "நீங்க சொன்னதும் நம்பிட்டாரு."

கடைக்குத் திரும்பியதும் ஓனர் பிடித்துக்கொண்டார். "வைரஸ்னு சொல்லிட்டு வரவேண்டியதுதானே? யாரு உன்ன உண்மையச் சொல்லச் சொன்னது?"

"படிப்ப நிறுத்திட்டாங்க சார்."

"அது அவங்க வூட்டு விஷயம்."

சர்வீஸ் ரிஜிஸ்டரை எடுத்து, நான் போன வீடுகளின் முகவரிகளைக் குறித்துக்கொண்டேன். வேலை நேரத்தில் அங்கே போகக் கூடாது என்றார் ஓனர். ஞாயிற்றுக்கிழமைகளில் பல்லாவரம், வண்டலூர் என்று அலைந்து ஒவ்வொரு மெஷினிலும் செட்டிங்கை ஏற்றினேன். கடைசி வீட்டை முடித்த மறுநாள் வேலையை விட்டேன்.

நித்யா அடுத்த வாரம் காலேஜுக்குப் போனாள். ஆனால் அந்தப் பத்து நாளில் ஒரு பிராக்டிகல் தேர்வு முடிந்திருந்தது. அதை அடுத்த வருடம்தான் எழுதினாள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். போன் வரக் கூடாது என்பதற்காக எந்தப் பாதுகாப்பு செட்டிங்கையும் குறைத்து வைக்காதீர்கள். மெஷினில் உட்காரப்போகிறவர் யார் என்று கேளுங்கள். அவரைச் செய்யவைத்துப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். இத்தனை வருடம் கழித்தும் அந்த அப்பா மேலும் ஓனர் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. என் மேல் இருப்பது அதைவிட அதிகம். லோவில் வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.