எண்ணெய் பூசாமல் வெட்டிய பலாப்பழம்

மகளின் வகுப்பில் ஆளுக்கொரு பழமரத்தையும் அதன் பயன்களையும் பற்றிப் பேச வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். விரும்பினால் பெற்றோரும் கூட வரலாம். மகள் அப்பிளைத் தேர்ந்தெடுத்திருந்தாள். நாங்கள் குடியேறிய சோலோதுர்ன் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அப்பிள் மரம்தான். யாருக்கும் தொந்தரவில்லாமல் பேசி முடித்துவிட்டு வந்திருப்பாள். நான்தான் விடவில்லை.

"அப்பிளை எல்லாரும் சொல்லுவினம். நீ பலாவைச் சொல்லு. நான் பழத்தோடை வாறன்."

"வேண்டாமப்பா. போன வருசம் டப்பாவிலை பலாச்சுளை கொண்டுபோனதுக்கே மணக்குது எண்டு சொல்லி, பக்கத்திலை இருந்த பிள்ளை கதிரையைத் தள்ளிப் போட்டவள்."

"அது தெரியாததாலை. தெரிஞ்சால் தள்ளமாட்டாள்."

தெரியவைக்கும் பொறுப்பை உலகம் என் தலையில் சுமத்தியிருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு. மகள் தாளில் அப்பிளை அடித்துவிட்டுப் பலா என்று எழுதினாள். நான் வந்துவிட்டுப் போய்விடுவேன், அந்த வகுப்பில் அவள்தான் வருடம் முழுக்க இருக்க வேண்டும் என்பது எனக்கு உறைக்கவேயில்லை.

சாப்பாட்டு மேசையில் அவளுக்குப் பலாவின் பெருமைகளைப் பாடம் எடுத்தேன். அவள் கைபேசியைப் பார்த்தபடி சாப்பிட்டாள். சுவருக்குச் சொல்வதுபோல் சொல்லி முடித்தேன்.

பேச வேண்டிய நாள் காலை புறப்படும்போது மனைவி ஒரு சின்னப் போத்தலில் தேங்காய் எண்ணெய் நீட்டினாள். "கத்தியிலையும் கையிலையும் பூசிப்போட்டு வெட்டுங்கோ. இல்லாட்டிப் பால் ஒட்டும்."

"நாள் முழுக்க ரெஸ்ரோரண்ட் குசினியிலை கத்தியோடை நிக்கிறவன் நான். எனக்கு நீ சொல்லித் தாறியோ?"

போத்தலை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். உண்மையைச் சொன்னால், நான் உருளைக்கிழங்கை மலைபோலச் சீவியிருக்கிறேன். பலாப்பழம் ஒன்றைக்கூட வெட்டியதில்லை. எங்கள் வீட்டில் என் பங்கு, சுளை தட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்கும்.

வகுப்பில் மேசைமேல் பத்திரிகையை விரித்து, தமிழ்க்கடையில் வாங்கிய பழத்தை வைத்தேன். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அந்தப் பெருமையில் கத்தியை ஓங்கி இறக்கினேன். கத்தி பாதியில் நின்றது. இழுத்தேன், வரவில்லை. இடது கையால் பழத்தைப் பிடித்து இழுத்தேன். கத்தி வந்தது, கூடவே பாலும், பத்திரிகையும் வந்தன. பத்திரிகையை உதறப்போய் அதன் இன்னொரு பக்கம் முழங்கையில் ஒட்டியது. மூக்கைச் சொறிந்தேன். அது நான் அன்று செய்த அடுத்த முட்டாள்தனம். ஓடிப்போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். பால் திரண்டு இன்னும் இறுகியது. ஆசிரியை துடைக்கத் தந்த கடதாசியும் விரல்களோடு தங்கிவிட்டது.

பதற்றத்தில் எனக்குத் தெரிந்த ஜேர்மன் எல்லாம் ஓடிப்போய், குசினியில் கத்தும் ஜேர்மன் மட்டும் மிஞ்சியது. "சூடு! தள்ளி நில்லுங்கள்!" என்றேன். முன்வரிசைப் பிள்ளைகள் உண்மையாகவே கதிரைகளைப் பின்னுக்கு இழுத்தார்கள். பிறகு வகுப்பே சிரித்தது.

மகளைப் பார்த்தேன். முகம் சிவந்திருந்தது. என் வீம்புக்காகப் பிள்ளையைக் கொண்டுவந்து சந்தியில் நிறுத்திவிட்டேன். எழுந்து வெளியே போய்விடுவாள் என்று நினைத்தேன்.

எழுந்தாள். வெளியே போகவில்லை, முன்னால் வந்தாள். ஆசிரியையிடம் சமையல் எண்ணெய் இருக்குமா என்று கேட்டாள். அவர் எடுக்கப் போனதும், சிரித்துக்கொண்டிருந்த வகுப்பைப் பார்த்து ஜேர்மனில் தொடங்கினாள்.

"அப்பா வேண்டுமென்றுதான் எண்ணெய் பூசாமல் வெட்டினார். இந்தப் பால் எப்படி ஒட்டும் என்று நீங்கள் பார்க்க வேண்டும் அல்லவா? முந்தி ஓட்டைப் பாத்திரத்தை இதால் அடைத்தார்கள்."

சிரிப்பு நின்றது. என் கைகளை எல்லோரும் மரியாதையோடு பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை. காயைக் கறி வைக்கலாம், பழத்தை அப்படியே தின்னலாம், கொட்டையை அவிக்கலாம், சுடலாம். இலையை ஆடு தின்னும். மரத்தில் கதவு செய்யலாம், மிருதங்கமும் செய்யலாம். ஒரு கடதாசியைக் கோலி மடித்துக் காட்டி, "பலா இலையை இப்படி மடித்துக் குத்தினால் கரண்டி. கூழை இதால் அள்ளிக் குடிப்போம்" என்றாள். சுவருக்குச் சொன்னதாக நான் நினைத்திருந்ததில் ஒன்றையும் அவள் விடவில்லை.

"இந்த மரம் எங்கே இருக்கிறது?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"யாழ்ப்பாணத்தில். அது எங்களுடைய மரம்" என்றாள் என் மகள். அவள் பலா மரத்தைக் கண்ணால் கண்டதேயில்லை.

எனக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவும் வழியில்லை, இரண்டு கையும் பசை. கடதாசித் துண்டுகள் ஒட்டிய கைகளைத் தூக்கிப் பிடித்தபடி, கரும்பலகைக்கு முன்னால் நின்று அழுதேன்.

"உன்னுடைய அப்பா ஏன் அழுகிறார்?" என்றது அதே பிள்ளை.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வகுப்பைப் பார்த்து, இன்னொரு பயனைச் சொல்வதுபோல நிதானமாக, "பலாப்பால் கண்ணில் பட்டால் இப்படித்தான் தண்ணீர் வரும்" என்றாள்.

கண்ணில் ஒரு துளியும் படவில்லை. நான் ஓம் என்று தலையாட்டினேன்.