பழைய சிக்னலுக்கு வெடிக்காத வாணம்

ஜெசிந்தா போய்விட்டார் என்று எங்கள் வாணக்காரர் மாரியப்பன் அண்ணாச்சி போனில் சொன்னபோது, நான் ஜெசிந்தாவுக்குத்தான் மெயில் எழுதிக்கொண்டிருந்தேன். மாரடைப்பாம், விருதுநகரில் வீட்டிலேயே. ஆனாலும் அவரைப் பற்றி மூக்கைச் சிந்திக்கொண்டு எழுத எனக்கு வராது. அவரோடு மல்லுக்கட்டியவர்களுக்கெல்லாம் தெரியும், நினைத்தாலே பரபரப்பாக்கிவிடுகிற ஆள்.

வாணவேடிக்கைக் குழாய்களைத் தூரத்திலிருந்தே கொளுத்தும் ரிமோட்டுக்கு எங்கள் கம்பெனி மென்பொருள் செய்கிறது. நான் எழுதுவேன். அதை யாரும் ஏமாற்ற முடியாது என்று கணித முறையில் நிரூபிப்பது ஜெசிந்தா. சோதித்துப் பார்த்துவிட்டோம் என்றால் விடமாட்டார். "நீங்க பாத்த தடவையெல்லாம் சரி. பாக்காத தடவைக்கு யாரு ஜவாப்பு?"

பட்டாசு ஆலையில் அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டுவதுபோல மென்பொருளையும் பகுதி பகுதியாகப் பிரித்து நிரூபித்தார். சாவியைத் திருப்பினால்தான் ரிமோட் முத்திரையிட்ட சிக்னலை அனுப்பும். நிரூபணம் ஆயிற்று. முத்திரை சரியாக இருந்தால்தான் குழாயடியில் சிக்னலை வாங்கும் பெட்டி வாணத்தைக் கொளுத்தும். அதுவும் ஆயிற்று. நாங்கள் பிரியாணிக்குச் சொல்லிவிட்டோம்.

இரண்டையும் சேர்த்து, 'சாவியைத் திருப்பாமல் எதுவும் வெடிக்காது' என்று நிரூபிக்கப் போனால் கணினி ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் தாயில்பட்டிப் பொட்டலில் ஆர்டர்காரர்களுக்குக் காட்ட வேண்டும். முதலாளி குதித்தார். "ரெண்டும் நல்லா இருக்குல்லம்மா, அப்புறம் என்ன?"

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. நடுவுல வர்ற சிக்னல் புதுசா பழசான்னு யாரு பாத்தா? அவுக பாப்பாகன்னு இவுக, இவுக பாப்பாகன்னு அவுக!"

அடுத்தவர் அறைக்குள் தலையை நீட்டக் கூடாது என்பது ஆலையில் உயிர் காக்கும் பழக்கம். அதே பழக்கத்தை மென்பொருளுக்கும் கொண்டுவந்திருக்கிறோம்! முறையாகப் போன சிக்னலை எவனாவது பதிவுசெய்து மறுநாள் திரும்ப விட்டால் முத்திரை அசலாகத்தான் இருக்கும், பெட்டி கொளுத்திவிடும். அந்நேரம் குழாய்க்குள் வாணத்தை இறக்கிக்கொண்டு குனிந்திருப்பவர் மாரியப்பன் அண்ணாச்சி.

காட்சியை ஜெசிந்தா நிறுத்திவிட்டார். ஒருமுறை வந்த சிக்னல் மறுபடி செல்லாதபடி மாற்றி எழுதினேன். நிரூபணம் கூடிவந்து கணினித் திரை பச்சை காட்டியதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஏலே, பச்ச விழுந்துருச்சுலே!"

பொட்டலில் பழைய சிக்னலை விட்டுப் பார்த்த அன்று அண்ணாச்சிக்கு ஏக உற்சாகம். "அதான் நிரூபிச்சாச்சே தாயி, நான் கிட்டயே நிக்கேன்."

"என் கணக்கு சிக்னலுக்குத்தான் அண்ணாச்சி. வயர எலி கடிச்சா அது கணக்குல இல்ல. இங்கன வாங்க."

பழைய சிக்னல் போனது. குழாய் கம்மென்று இருந்தது. சாவியைத் திருப்பினோம், வானம் பூத்தது. ஜெசிந்தா விசிலடித்ததை முதலாளி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்து நேராக ஆபீசுக்கு வந்தேன். சீசன் அவசரம், மென்பொருளில் ஒரு மாற்றம் செய்தேன். 'சாவியைத் திருப்பாமல் எதுவும் வெடிக்காது' என்று அவர் எழுதிவைத்த நிபந்தனை அதை ஏற்கவில்லை. பழைய சிக்னல் நுழைய நான் வழி விட்டிருந்த வரியைச் சிவப்பில் காட்டியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. திருத்தினேன். அந்த நிபந்தனையில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற விடமாட்டேன். அண்ணாச்சி நாளைக்கும் குழாயடியில் குனிவார்.