பிரேக் அக்கா வேனோடு போன புதன்கிழமை

அந்தப் புதன்கிழமை மத்தியானம், மலையுச்சி விடுதியின் வாசலில் பதினோரு விருந்தாளிகளையும் அவர்களுடைய கேமராக்களையும் மூடுபனியில் நிற்கவிட்டுவிட்டு, பிரேக் அக்கா வேனை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்து சீட்டில் ஒரு சாப்பாட்டு டப்பா இருந்தது. அதற்கு சீட் பெல்ட் மாட்டியிருந்தாள்.

ஊரில் இதைப் பலவிதமாகச் சொன்னார்கள். வண்டியைத் திருடிவிட்டாள் என்றார்கள். மூளை கலங்கிவிட்டது என்றார்கள். சம்பளத் தகராறுதான் என்று பெட்ரோல் பங்க்கில் அடித்துச் சொன்னார்கள். அத்தனையும் பொய். உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அக்கா. அவள் வாயைத் திறக்க மாட்டேன் என்று முடிவெடுத்திருந்தாள். இன்னொருவன் அவள் கூடப் பிறந்த தம்பி. அவன் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

காட்டைச் சுற்றிக்காட்டும் ஒரு கம்பெனியில் அவள் வேன் ஓட்டினாள். கீழே புழுக்கமான மழைக்காட்டில் இரண்டு நாள், பிறகு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, மேலே மேகம் உட்கார்ந்திருக்கும் குளிர்காட்டில் இரண்டு நாள். இதுதான் பயணம். சாலையில் எது குறுக்கே போனாலும் பிரேக் போடுவாள். பாம்பு, நத்தை, உடும்பு, எதுவானாலும் சரி. ஒருமுறை ஒரு மரவட்டை சாலையைக் கடக்கும்வரை வண்டியை நிறுத்திவைத்தாள். பின்னால் வந்த லாரிக்காரன் இறங்கி வந்து, "அக்கா, அதுக்கு எத்தனை காலு இருந்து என்ன, நடக்கத் தெரியலையே" என்று புலம்பினான். அன்றுதான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவளுக்கு ஒரே ஒரு கொள்கை. ஏற்றின ஆளை இறக்கிவிட வேண்டும். பறவை பார்க்கிறேன் என்று பாறை மேல் தூங்கிப்போன ஒரு பெரியவரைத் தேடி, பாதி மலை இறங்கிய பிறகும் திரும்ப ஏறிப் போனவள் அவள்.

தம்பி அந்தக் கம்பெனியிலேயே வழிகாட்டி. அம்மா போன பிறகு அவனை வளர்த்தது அக்காதான். முதலாளியிடம் கூட்டிப்போய், "இவன் கண்ணுல படாம ஒரு பூச்சி தப்பாது" என்று சொல்லி வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவள்தான். விருந்தாளிகள் அவனைக் கழுகு என்று கூப்பிட்டார்கள். அவன் கை காட்டும் கிளையில் ஏதோ ஒன்று நிச்சயம் இருக்கும். அக்கா ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி பின்னால் திரும்பி, "என் தம்பி" என்பாள். கேட்டாலும் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள்.

முதலாளி கம்பெனி வாசலில் ஒரு பலகை மாட்டினார்: 'கண்டிப்பாகக் காட்டுவோம்.' அக்காவுக்கு அதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

"காடு என்ன துணிக்கடையா சார், எடுத்துப் போட்டுக் காட்டுறதுக்கு?"

"நீ ரோட்டைப் பாரும்மா. போர்டை நான் பாத்துக்கறேன்" என்றார் அவர்.

அந்தப் பயணத்தில் ஒரு பல் டாக்டர் வந்திருந்தார். பீரங்கி மாதிரி ஒரு லென்ஸ் வைத்திருந்தார். பேசுகிறவர்களின் கண்ணைப் பார்க்காமல் பல்லையே பார்ப்பார். அவருக்கு வேண்டியது சிவப்புக்கால் மரத்தவளை. கீழே மழைக்காட்டில், உயரமான மரங்களின் உச்சியில் வாழ்வது அது. இரண்டு நாளும் மழை ஊற்றியது. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, அட்டைப்பூச்சிக் கடியில் நொந்துபோய், அவர்கள் பார்த்தது ஒரு குரங்கின் வால் மட்டும்.

"கண்டிப்பா காட்டுவோம்னு போட்டிருக்கே?" என்று டாக்டர் தம்பியின் பல்லைப் பார்த்துக் கேட்டார்.

"மேல போலாம் சார்" என்றான் தம்பி.

மேலே போனார்கள். பாசி பிடித்த மரங்களுக்கு நடுவே, இலை நுனிகளில் பனி சொட்டிக்கொண்டிருந்தது. பாதை ஓரத்தில் ஒரு பெரணிச் செடியின் முன்னால் தம்பி சட்டென்று நின்று கையை உயர்த்தினான். மடங்கிய இலையின் மேல், சிவந்த கால்களை ஒடுக்கிக்கொண்டு தவளை உட்கார்ந்திருந்தது. டாக்டர் மண்டி போட்டுவிட்டார். கேமராக்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. பின்னால் நின்ற அக்கா எல்லோருக்கும் முன்பாகக் கை தட்டினாள். அந்தக் கைதட்டலுக்காகத்தான் அவளால் கடைசிவரை தன்னை மன்னிக்க முடியவில்லை.

சாப்பிட வேனுக்குத் திரும்பினாள். சீட்டுக்கு அடியில் அவளுடைய டப்பாக்கள் இரண்டு. சாப்பாடு ஒன்றில், மற்றது காலி. காலியாக இருக்க வேண்டியதைத் தூக்கினால் கனத்தது. மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள். உள்ளே ஈரப் பஞ்சு, அகலமான ஓர் இலை. அந்த இலை கீழே மழைக்காட்டு விடுதியின் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் முளைப்பது. இந்தக் குளிரில் அந்தச் செடி ஒரு நாள் தாங்காது.

தம்பியை வேனுக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"இது என்னடா?"

"டப்பா."

"டப்பான்னு எனக்குத் தெரியாதா? ஓட்டை எதுக்கு?"

அவன் டப்பாவை மூடப் பார்த்தான். "மழைக்கு மரத்துலேர்ந்து இறங்கித் தொட்டியில கிடந்துச்சுக்கா. தொட்டி விளிம்புல உக்காந்திருக்கறதை யாரு படம் எடுப்பா? மேல பாசி, பனி, பெரணி... டாக்டர் எவ்ளோ சந்தோஷப்பட்டாரு, பாத்தியா?"

"அந்தத் தவளை சந்தோஷப்பட்டுச்சா? இந்தக் குளிர்ல விறைச்சிரும்டா அது."

"ஒண்ணு தானேக்கா."

"ஒண்ணுதானா?"

அவன் செருப்பைப் பார்த்தான். ஆறு மாதமாக நடக்கிறது என்பது மெதுவாக வெளியே வந்தது. போன மாதத்துப் பச்சைப் பாம்பு. அதற்கு முந்தின பயணத்தில் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்த பல்லி. எல்லாமே டப்பாவில் வந்தவை. எல்லாவற்றையும் மலையேற்றியது அவளுடைய வேன். மரவட்டைக்கெல்லாம் பிரேக் போட்டுப் போட்டு, சீட்டுக்கு அடியில் இதைச் சுமந்திருக்கிறாள். ஊரெல்லாம் கழுகு, கழுகு என்று பீற்றியிருக்கிறாள்.

"என் காதுல பூ சுத்தினது போதாதுன்னு என் டப்பாவையே எடுத்தியாடா?"

"முதலாளிகிட்ட சொல்லிடாதக்கா. வேலை போயிரும்."

"நான் எதுக்குச் சொல்றேன்? செஞ்சது நீ. நீயே சொல்லு, எல்லார் முன்னாடியும். சொல்ற வரைக்கும் என்கிட்ட பேசாத."

"நாளைக்கு இறங்கும்போது கீழ விட்டுடறேன்."

"நாளைக்கு அது இருக்குமா? நான் ஏத்திட்டு வந்தது. நானே இறக்கறேன்."

பெரணிக்குப் போனாள். தவளை இருந்த இடத்தில் அப்படியே இருந்தது, தொட்டபோது நகரவில்லை. உள்ளங்கையில் வைத்து ஊதினாள். தொண்டை மட்டும் லேசாகத் துடித்தது. பிறகு நடந்ததுதான் ஊருக்கே தெரியுமே.

கீழே போய்ச் சேர மாலையாகிவிட்டது. ஹீட்டர் போட்டே ஓட்டினாள், வேர்த்துக் கொட்டியது. தொட்டிப் பக்கத்தில் மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து அது ஒரு காலை நீட்டியது. பிறகு இன்னொன்றை. பிறகு டப்பாவில் இல்லை. சாவியை முதலாளியின் மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

முதலாளி வேறு வண்டி பிடித்து விருந்தாளிகளை மறுநாள் இறக்கினார். "நன்றி கெட்டவ" என்று தெருவில் நின்று கத்தினார். அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். தம்பி சொல்வான் என்று காத்திருந்தாள். அன்று சொல்லவில்லை. அந்த வாரமும் சொல்லவில்லை.

டாக்டரின் படம் எங்கெங்கோ பரவியது. பனிக்குள் சிவப்புக் கால்! அதைப் பார்க்கவே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலாளி வேனின் பக்கவாட்டில் தவளையை வரையச் சொன்னார். வரைந்தவன் அதற்குப் பல் வேறு வைத்துவிட்டான். தம்பி தலைமை வழிகாட்டி ஆனான், புது பூட்ஸ் வாங்கினான். ஒரே ஒரு தவளையைக் காப்பாற்ற அவள் வேலையை விட்டாள். இப்போது பயணத்துக்கு ஒரு தவளை மலையேறியது. 

அவள் ஒரு ரொட்டிக்கடை வேனுக்கு மாறினாள். விடியற்காலையில் கடை கடையாய் ரொட்டி இறக்கும் வேலை. சில நாள் அந்தப் பல் வைத்த தவளை அவளை முந்திக்கொண்டு போகும். உள்ளே எல்லோரும் கழுத்தில் பைனாகுலரோடு சிரித்துக்கொண்டிருப்பார்கள். வாய்க்கு வந்ததையெல்லாம் ரொட்டித் தட்டுகளிடம் திட்டித் தீர்ப்பாள்.

தம்பி அவ்வப்போது போன் செய்வான்.

"அக்கா, சாப்டியா?"

"சொல்லிட்டியா?"

"அது வந்துக்கா..."

அவள் வைத்துவிடுவாள். கடைக்காரர்கள், "பாவம் புள்ள, ஒரே தம்பி, விட்டுக்கொடேன்" என்பார்கள். "எதை விட்டுக்கொடுக்கணும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்பாள். அவர்களுக்குத் தெரியாது. அவளும் சொல்ல மாட்டாள். அவன் பேரைக் கெடுக்க அவளுக்கு மனசில்லை. அவன் தானே வந்து கெடுத்துக்கொள்ளட்டும் என்றிருந்தாள். கொஞ்ச நாளில் போன் வருவதும் நின்றது.

இரண்டு மழைக்காலம் போனது. ஒரு நாள் சாயங்காலம் ரொட்டி வேனின் தரையைக் கழுவிக்கொண்டிருந்தபோது போனில் தம்பியிடமிருந்து மெசேஜ் வந்தது. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு எடுத்துப் படித்தாள்:

"அக்கா, சொல்லிட்டேன். இன்னைக்கு மத்தியானம், அதே பெரணிகிட்ட, எல்லாரும் கேமராவோட நிக்கும்போது. முதல்ல ஜோக்குன்னு சிரிச்சாங்க. டப்பாவைத் திறந்து காட்டினேன், அப்புறம் யாரும் சிரிக்கல. நீ ஏன் வண்டிய எடுத்துட்டுப் போனேன்னும் சொல்லிட்டேன். முதலாளி என் பையைத் தூக்கி வெளிய போட்டுட்டாரு. இன்னும் ரெண்டு டப்பா ரூம்ல வச்சிருந்தேன், ஆக மூணு. மூணு தவளையும் மூச்சு விடுது. சட்டைக்குள்ள வச்சிருக்கேன். பஸ் கண்டக்டர் தவளையை ஏத்த மாட்டேன்னுட்டான். நான்தான் ஏத்தினேன், இறக்கத்தான் வண்டி இல்ல. இங்க ரொம்பக் குளிருதுக்கா. உடனே வா. வழியில மரவட்டைக்கெல்லாம் நிக்காத."