எதிர்மேசைக்காரரும் தொப்பிப் பூவும்

தாவரத் தோட்டத்து ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் 'உதட்டக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எந்த ஆர்க்கிட்டைக் கொண்டுவந்து நீட்டினாலும், "முதல்ல உதட்டைக் காட்டுங்க" என்பாள். ஆர்க்கிட் பூவின் மூன்று இதழ்களில் ஒன்று மட்டும் மற்ற இரண்டோடு சேராமல் தன் இஷ்டத்துக்கு வளர்ந்திருக்கும். அதற்குத்தான் உதடு என்று பெயர். அது பை மாதிரியா, நாக்கு மாதிரியா, ஓரத்தில் முடி உண்டா என்று பார்த்தே பாதி இனங்களைப் பிரித்துவிடுவாள்.

ஓய்வு பெற்று மகள் வீட்டோடு வந்துவிட்டாள். ஆனாலும் கண்ணுக்குள் நிற்பது அந்த அறைதான். காய்ந்த பூவை இளக்க வெந்நீர் கொதிக்கும் சத்தம், பழைய காகித வாசனை, எதிர்மேசையில் ஸ்கேலும் கையுமாக ஒருவர். பின்னாளில் அவளுக்குப் புருஷனாகி, இப்போது இல்லாமல் போன மனிதர்.

எதிர்மேசைக்காரர் பூவை நம்பமாட்டார். வேர், கிழங்கு, இலை மடிப்பு என்று கீழிருந்துதான் வருவார். இருவருக்கும் முட்டிக்கொண்டது இரண்டு செடிகளில். ஒன்றின் பூவில் உடம்பெல்லாம் புள்ளி, நடுவே இரண்டு கொம்பு. மற்றது பச்சையாய், தடித்து, தொப்பியைக் கவிழ்த்த மாதிரி.

"ரெண்டும் ஒரே இனம்தாங்க. இலையைப் பாருங்க, கிழங்கைப் பாருங்க."

"இந்த மூஞ்சிக்கும் அந்த மூஞ்சிக்கும் ஏதாவது ஒட்டு உறவு இருக்கா? கண்ணாடியை மாத்துங்க!"

இந்தச் சண்டைக்கு நடுவிலேயே கல்யாணமும் நடந்தது. "வீட்டுலயாவது இவன் சொல்றதைக் கேப்பியாம்மா?" என்றார் மாமியார். "பூ விஷயம் தவிர கேக்கறேன் அத்தை."

ஒரு கோடையில் கண்ணாடிக் கூடத்தின் கூரையைப் பிரித்துப் பழுது பார்த்தார்கள். நிழலிலேயே வளர்ந்த கொம்புப் பூச்செடியை உதட்டக்காதான் தூக்கிப்போய் மொட்டைமாடி வெயிலில் வைத்தாள். செடி மொட்டு விட்டது. ஒரு காலை தண்ணீர் ஊற்றப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரே தண்டில் கொம்புப் பூவும் இருந்தது, தொப்பிப் பூவும் இருந்தது. முன்னது ஆண், பின்னது பெண். வெயில் போதாமல் இந்தச் செடியில் பெண் பூ இத்தனை காலம் தலைகாட்டவில்லை.

மறைக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனாலும் அவரைக் கூப்பிட்டாள். அவர் குனிந்து கொம்பைத் தொட்டார். பூ சட்டென்று தன் மகரந்தத்தை வீச, அது அவர் கன்னத்தில் பசை போல ஒட்டிக்கொண்டது.

"சொல்லிக்காட்டுங்க, ஏன் சும்மா இருக்கீங்க?" என்றாள்.

"நீ வெயில்ல வைக்கலேன்னா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

ஜெயித்த மனுஷன் அந்த வார்த்தையைச் சொல்லாமலாவது இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு அவரோடு மனசார ஒரு சண்டை போட அவளால் முடியவில்லை.

"அப்பா அன்னிக்கு ரொம்ப ஆடியிருப்பாரேம்மா?" என்று மகள் கேட்பாள்.

ஆடவில்லை. இரண்டு இனமென்று பூக்களைப் பிரித்து வைத்திருந்த அலமாரித் தட்டுகளை ஒன்றாக்க அவளுக்குக் கூடமாட உதவினார், சாயங்காலம் வரை கன்னத்து மஞ்சளைத் துடைக்காமலே.